கேரியரில் ஐந்து மைல்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் காசநோயிலிருந்து மீண்டு வந்தார். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் பதினொரு மாதம் இருந்தார். நோய் போய்விட்டது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் சாந்தோமில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

உடம்பு தேற வேண்டும் என்றெல்லாம் நினைத்து அவர் சைக்கிள் ஏறவில்லை. ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் இருமியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாராம். தெரிந்த ஆள்தான். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த மாதம் யாரோ ஓட்டிப் பழசான பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் ஞாயிறு அடையாறு பாலத்தில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினார். மழைக்காலத்துக்குள் பாலம் பழகிவிட்டது. பிறகு திருவான்மியூர், வயல்களுக்கு நடுவே பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்ததும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார். ஆஸ்பத்திரியில் ரொட்டியை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்த மனுஷன். குழம்பை ஊற்றிவிட்டு நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

இரண்டாம் வருடம், மகாபலிபுரம் போகப்போகிறேன் என்றார். முப்பது மைலுக்கு மேல் இருக்கும். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சாப்பாட்டோடு நானும் பஸ்ஸில் வருவதானால் சரி என்றேன்.

ஞாயிறு விடியுமுன் கிளம்பிவிட்டார். நான் மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து, புளிச்சோற்றுத் தூக்கோடு பஸ் ஏறினேன். கேளம்பாக்கம் உப்பளம் தாண்டும்போது ஜன்னல் வழியாக அவர் கண்ணில் பட்டார். டீக்கடை பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். இறங்கினால் அவர் மனசு சங்கடப்படுமோ என்று தோன்ற, மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

திருப்போரூர் தாண்டி மூன்று நான்கு மைல் போனதும் பஸ் படுத்துவிட்டது.

"ஆக்சில் பூட்ச்சும்மா. வேற வண்டி வர்ற வரிக்கும் குந்திகினு இருங்க" என்றார் கண்டக்டர்.

எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வளைவில் பச்சைச் சைக்கிள் தெரிந்தது. அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டு வந்தார்.

"என்ன டீச்சர், பாதியிலேயே இறங்கிட்டியா?"

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதால் அவருக்கு நான் டீச்சர்தான். பஸ்ஸை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டால் சைக்கிளின் பின் கேரியரைத் துடைத்தார்.

"வேணாங்க. உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கினா நிப்போம். ஏறு."

எங்கிருந்து மிதித்து வருகிறார் என்று கண்டக்டர் கேட்டார். சாந்தோம் என்று இவர் சொன்னதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மீதி ஐந்து மைல். ஒரு கையில் தூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே படத்தைப் பிடித்துப் பிடித்து நான் பார்த்த நுரையீரல் என் உள்ளங்கைக்கு அடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் நின்றோம். ஒரு மேட்டில் நான் இறங்கி நடந்தேன். தூக்கில் அப்பளம் இருக்கிறதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மகாபலிபுரம் போய்ச் சேர்ந்து, சவுக்கு நிழலில் சாப்பிட்டோம். அவர் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார். திரும்பும்போது சைக்கிளைப் பஸ் கூரைமேல் போடச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"போட்டுடலாம். கால் ரெண்டும் என்னோடதா இல்ல" என்றார். அவ்வளவு நாளில், தன்னால் முடியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அடையாறு வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனார். அந்தத் தடவை போக வர மிதித்தே வந்தார். நான் கூடப் போகவில்லை. அன்று எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது.