தாளில் வரைந்த குழாய்

பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் 'தந்துகி சார்'. உயிரியலில் இரத்தக் குழாய்ப் பாடம் வந்துவிட்டால் மனிதருக்குக் கை கால் நிலைகொள்ளாது. "தமனியும் சிரையும் வெறும் ரோடுடா. சரக்கு இறங்கி ஏறுறது எல்லாம் தந்துகியிலதான்" என்பார். முடியைவிட மெல்லிய குழாய், ஒரே செல் கனத்தில் சுவர். அதன் வழியே நீரும் பிராணவாயுவும் சர்க்கரையும் திசுவுக்குள் போகும், கழிவு உள்ளே வரும். நீர் ஒரேயடியாக வெளியே போய்விடாமல் இரத்தத்தில் உள்ள புரதம் இழுத்துப் பிடிக்கும். புரதம் குறைந்தால் உடம்பு வீங்கும். பதினெட்டு வருஷமாக இதை நடத்திவந்தார்.

அவர் மனைவிக்குச் செருப்புக் கடையில் வேலை. நாளெல்லாம் நிற்கவும் குனியவும் வேண்டும். கால் வீங்குகிறது என்று அவள் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "நின்னா வீங்கத்தான் செய்யும். தலகாணி மேல காலை வை" என்றார். அவள் ஒரு சைஸ் பெரிய செருப்புக்கு மாறினாள். பிறகு இன்னொரு சைஸ். "உன் காலுக்கே கடை காலியாயிடும் போல" என்று சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். ஒருநாள் காலையில் அவள் இமைகள் உப்பியிருந்தன. "அழுதியா?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

மருத்துவமனைக்கு இழுத்துப்போனது மனைவியின் தங்கை. "அத்தான், நீங்களும் வாங்க" என்று பிடிவாதம் பிடித்ததால் அவரும் போனார்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மனைவியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். "எட்டு மாசமா" என்றாள் அவள்.

"யூரின் நுரைக்குதா?"

"ஆமா. சோப்புத் தண்ணி மாதிரி."

அது அவருக்கே புதுச் செய்தி.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா ஒரு தாளில் மெல்லிய குழாய் வரைந்தார். வெளியே போகும் அம்புக்குறி, உள்ளே வரும் அம்புக்குறி. வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் வரையும் அதே படம். "கிட்னி வழியா புரதம் வெளியே போயிடுது. அதான் தண்ணி திசுவிலேயே தங்கிடுது. புரியுதா சார்? நீங்க என்ன பண்றீங்க?"

"ஸ்கூல்ல... ஆபீஸ்ல இருக்கேன்."

மைத்துனி நிமிர்ந்து பார்த்தாள். மனைவி கைப்பையின் ஜிப்பை மூடினாள்.

பஸ்ஸில் அவரே ஆரம்பித்தார். "அங்க பொய் சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்தம்மா உங்களைப் பார்க்கிற பார்வைய என்னால பார்க்க முடியாதுங்க."

அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

மாத்திரைகள் வேலை செய்தன. நாலு மாதத்தில் வீக்கம் வடிந்து, புரதம் போவதும் ஏறக்குறைய நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் கூடப் போனார். கடைசித் தடவை, எழுந்த பிறகு நின்று சொன்னார். "மேடம், நான் ஆபீஸ் இல்ல. பயாலஜி வாத்தியார்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்ப ரிப்போர்ட்டை நீங்களே படிச்சுக்கலாம்" என்று தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டார். எழுத்து ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. மனைவிதான் அதைக் கையிலிருந்து எடுத்து மடித்தாள்.