நாடு குளிக்கும் நேரம்

பென்சில் கூராக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார். மீசையின் வலது முனைக்கு ஒரு முறுக்கு, இடது முனைக்கு ஒரு முறுக்கு. பிறகு கட்டம் போட்ட தாளில் நாளை விடியற்காலையில் பென்சிலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் நாளை இரவு வரை போய்விடுகிறார். நாளைக்கு எந்த மணியில் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்பதுதான் அந்தக் கோடு. அதைப் பார்த்துத்தான் மின்நிலையங்களுக்கு உத்தரவு போகும்.

காலையில் ஒரு திமில், மாலையில் அதைவிடப் பெரிய திமில், நடுவில் முதுகு. தினமும் ஒட்டகம் வரைகிறவர் என்பதால் மின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ஒட்டகத்தார் என்று பெயர் விழுந்துவிட்டது. "ஒட்டகத்தார் இருக்காரா?" என்று போன் வந்தால், "நான்தான் பேசறேன், சொல்லுங்க" என்பார். கோபமே வராது.

முப்பது வருடத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டகத்துக்கு ஒரே திமில்தான். சாயங்காலம் விளக்கைப் போடுவார்கள், சாப்பிடுவார்கள், அணைத்துவிட்டுப் படுப்பார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் அந்தத் திமில் தடித்தது. வெந்நீர் ஹீட்டர் வந்ததும் காலைத் திமில் முளைத்தது. ஏசி வந்து மத்தியான முதுகை மேடாக்கியது. இதையெல்லாம் தன் பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்வதுபோல் சொல்வார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார்.

"இந்த நாடு எத்தன மணிக்குக் குளிக்குதுன்னு எனக்குத் தெரியும்யா. திங்கக்கிழமைன்னா ஆறே கால்லேர்ந்து ஏழே முக்கால். ஞாயித்துக்கிழமைன்னா ஒம்போதுக்கு மேல. அன்னிக்குக் குளிக்காமலே விட்டுடறவங்க நூத்துக்கு ஏழு பேர்!"

"மொதல்ல நீங்க குளிச்சீங்களா?" என்பார் மனைவி.

குளித்திருக்க மாட்டார். எல்லோரும் ஹீட்டர் போடும் நேரத்தில் தானும் போட்டு நாட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பதினோரு மணிக்குத் தேவை இறங்கிய பிறகுதான் குளிக்க வேண்டும். வேலை நாட்களில் பதினோரு மணிக்கு ஆபீசில் இருப்பார் என்பதுதான் அந்தக் கொள்கையில் உள்ள ஒரே ஓட்டை. பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரமாக இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார்.

வீட்டிலும் அவர் கட்டுப்பாட்டு அறைதான். "அயர்ன் பாக்ஸ் ஏறினா வாஷிங் மெஷின் எறங்கணும்" என்பது சட்டம். யாராவது பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் பின்னாலிருந்து இருமுவார். மின்நிலையங்களும் அவருக்குச் சொந்தபந்தம் மாதிரி. நிலக்கரி நிலையம் பெரியப்பா: "எழுப்பி உட்கார வைக்கவே அரை நாளாகும். உட்கார்ந்துட்டா அப்புறம் எந்திரிக்க மாட்டார்." அணைக்கட்டு தம்பி: "கூப்பிட்ட கொரலுக்கு ஓடி வருவான்." காற்றாலை, சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும் ஒன்றுவிட்ட அத்தை. சூரிய மின்சாரம் மட்டும் மாப்பிள்ளை.

"சாவகாசமா பத்து மணிக்கு வருவார். அவர் வந்துட்டா பெரியப்பா உள்பட எல்லாரும் நகந்து எடம் விடணும். அஞ்சரைக்கு டாண்ணு கெளம்பிடுவார். பாத்திரம் கழுவற நேரத்துல ஆளையே காணோம்!"

மாப்பிள்ளைமேல் அவருக்கு அப்படி ஒரு கடுப்பு.

கோட்டுக்கான தகவலை அவர் சேகரிக்கும் விதம் தனி. "என் தெருதான் நாடு" என்பார். வீட்டில் இருக்கும் நாளெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்து, காதால் கணக்கெடுப்பார். எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டார். மூன்றாம் வீட்டில் ஏசி. கோடி வீட்டில் மிக்சி, அதுவும் பிளேடு மழுங்கியது. எல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பத்து நிமிடத்தில் அவருடைய குறட்டையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் காதுதான் அவரை மாட்டிவிட்டது. போன வருடம் ஆபீசுக்கு ஒரு இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமும் தினம் ஒரு கோடு போடும். ஒட்டகத்தார் அவரைக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு நாட்டின் தேவை ஐயாயிரத்து நானூறு மெகாவாட்டுக்கு இறங்கும் என்றது கம்ப்யூட்டரம்மாவின் கோடு. ஒட்டகத்தாரின் கோடு ஆறாயிரம் என்றது.

"சார், இப்ப நெறைய வீட்டு மாடில சோலார் பேனல் வந்துடுச்சு. மத்தியானம் அவங்க நம்மகிட்ட கரண்டே வாங்கறதில்ல. உங்க ஒட்டகத்துக்கு வயிறு ஒட்டிப்போச்சு சார்."

"என் தெருவுல வந்து கேட்டுப் பாரும்மா! மூணு மாசமா மத்தியானம் பூரா வாஷிங் மெஷின் ஓடுது. தெருவே தொவைக்குது. தேவை ஏறுது, எறங்கறதாவது! அஞ்சாயிரத்து ஐநூறுக்குக் கீழ போனா இந்த மீசைய எடுத்துடறேன்."

அறையே திரும்பிப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று வளர்க்க ஆரம்பித்த மீசை அது. அடையாள அட்டையிலும் மகள் கல்யாண ஆல்பத்திலும் அவருக்கு முன்னால் அதுதான் தெரியும். மனைவி கெஞ்சியும் மிரட்டியும் போகாத மீசையை வாய்த்துடுக்கில் பந்தயம் வைத்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குப் பயமாகவே இருந்தது.

ஞாயிறு வந்தது. அவருக்கு அன்று முறை இல்லை; ஆனாலும் ஆபீசுக்கு வந்து பெரிய திரைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். வெளியே மேகம் ஒரு பொட்டு இல்லை. பத்து மணிக்கு ஆறாயிரத்து முந்நூறு. பதினொன்றுக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். பன்னிரண்டரைக்கு ஐயாயிரத்து அறுநூறு. பெரியப்பாவை எவ்வளவு தணிக்கலாம் என்று ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எண் ஐயாயிரத்து ஐநூற்று இருபதில் வந்து நின்றது. ஒட்டகத்தார் எழுந்துவிட்டார்.

முப்பது வருடமாக மெகாவாட்டில் பேசியவர், ஒரு அயர்ன் பாக்ஸை நம்பி, வீட்டுக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடினார். ஒரு வீட்டால் ஒன்றும் ஆகாது என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஆனாலும் ஓடினார். மீசை அவருடையதாயிற்றே.

"இந்தாம்மா, வீட்ல இருக்கற எல்லாத்தையும் போடு! அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஏசி, எல்லாத்தையும்!"

"என்னங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேள்வி கேக்காத, மொதல்ல போடு. பக்கத்து வீட்லயும் போடச் சொல்லு!"

எதிர்முனையில் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போடறேன். ஆனா போட்டாலும் உங்க ஆபீசுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ஏன்?"

"நம்ம மாடிக்கு மாப்பிள்ள வந்து மூணு மாசமாச்சு."

"எந்த மாப்பிள்ள?"

"உங்க மாப்பிள்ளதான். சோலார். நம்ம தெருவுல பதினோரு வீட்ல சேந்து போட்டோம். கேட்டா வேணாம்பீங்கன்னு சொல்லல. மாட்டின அன்னிக்கு நீங்க சாய்வு நாற்காலில இருந்தீங்க. என்ன சத்தம்னீங்க, டேங்க் கழுவறாங்கன்னேன். சரின்னு மறுபடி கொறட்ட விட்டீங்க. மத்தியானம் தெருவே தொவைக்குதே, பின்ன எதுனாலங்கறீங்க? வெயில் இருக்கும்போதே தொவச்சுக்கறோம்."

ஒட்டகத்தாரைத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக அந்தத் தெருவின் ஒவ்வொரு மோட்டாரையும் காதால் எண்ணி, கோட்டை மேலே மேலே ஏற்றியவர், ஒரு தடவை தலையை நிமிர்த்தி மாடியைப் பார்க்கவில்லை. திரும்பி அறைக்குள் வந்தபோது மணி ஒன்று. திரையில் ஐயாயிரத்து நானூற்று எண்பது. கம்ப்யூட்டரம்மா அவர் மீசையைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் காவலாளி அவரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். அட்டையைப் பார்த்துவிட்டு, "இவர் உங்க அண்ணனா சார்?" என்றார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. அதற்காகவே இரண்டு பேர் வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தார்கள். கம்ப்யூட்டரம்மா அவர் மேசைக்கு வந்து, "சார், நான் சும்மா வெளையாட்டுக்குன்னுதான் நெனச்சேன். எடுக்க வேணாம்னு சொல்லத்தான் சீக்கிரமா வந்தேன்" என்றார். அந்தப் பெண்ணின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"அட போம்மா. வீட்டுக்காரி ரொம்ப சந்தோஷமா இருக்கா. முப்பது வருஷத்துல இப்பத்தான் என் மொகத்தப் பாக்கறாளாம்."

சொல்லிவிட்டுத் தாளை விரித்தார். பென்சிலைச் சீவி நகத்தில் சோதித்தார். காலைத் திமிலில் ஒரே இழுப்பில் ஏறி இறங்கிவிட்டு, பத்து மணியில் நிறுத்தினார். அவர் கோட்டை நடுவில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, "இந்தாம்மா, மாடிக்குப் போய்ப் பாத்துச் சொல்லு, மாப்பிள்ள எப்படி இருக்கார்?" என்று மெதுவாகக் கேட்டார். பதில் வரும்வரை அவருடைய வலது கை தன்பாட்டுக்கு எழுந்து, உதட்டுக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் காற்றை ஒரு முறுக்கு முறுக்கியது. பிறகு இறங்கி வந்து, மத்தியானத்தை ஒரு விரல்கடை கீழே வரைந்தது.