அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை

எனக்கு வாய் நீளம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வீட்டுக்குள் சிகரெட் பற்றவைத்த கணவரைத் தெருவுக்குத் துரத்தியவள் நான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: நாம் பிடிக்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் விடும் புகை பிள்ளைக்குப் போய்ச் சேரும், எடை குறையலாம், நாள் முந்திப் பிறக்கலாம்.

வளைகாப்பு முடிந்ததும் பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. இனி கவலையில்லை என்று எல்லாருக்கும் நிம்மதி. அந்த வீட்டில் அப்பாவும் இருந்தார், அவருடைய பீடியும் இருந்தது.

ஐப்பசி மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா என் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போடுவார். "ஏட்டி, கால் வீங்கியிருக்கா? என்ன திங்கணும், சொல்லு" என்று கேட்டபடியே ஒன்றைப் பற்றவைப்பார். சின்ன வயதில் என்னிடம் இப்படி உட்கார்ந்து பேசியதே கிடையாது. கல்யாணமாகிப் போன பிறகுதான் மகளிடம் அவருக்குப் பேச்சு வந்திருந்தது. அவரைப் போய் எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்ல? முந்தானையால் மூக்கை மூடினேன். "சளி பிடிச்சிருக்கா?" என்று நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பொகைக்குள்ளதான் ஒன்னையும் பெத்தேன். பேசாம இரி" என்றாள்.

மகள் நாள் முந்திப் பிறந்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுவாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். புகைதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டாள். இன்று பள்ளிக்கூடம் போகிறாள். குளிர்நாளில் அவளுக்கு நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வீட்டுல யாரு பீடி, சிகரெட் குடிக்கா?" என்று கேட்டாள். "நாந்தாம்மா" என்றார் அப்பா, தயங்காமல். அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் போனதும் என் கட்டிலருகே வந்து பையக் கேட்டார்.

"ஒனக்கு இது முன்னமே தெரியுமாட்டி?"

தலையாட்டினேன்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீ சொன்னா நான் கேக்க மாட்டனா?"

கேட்டிருப்பார். மறுபேச்சில்லாமல் எழுந்து போயிருப்பார். அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று அவர் அழுததைப் பார்த்த பிறகு, அந்த நினைப்பை வெளியில் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.