மடியில் வாங்காத தவிடு

முன்பு பக்கத்து வீட்டில் இருந்த பெண் தன் மகளை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னபோது நான் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வீடு இருக்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கு எதையாவது விற்பார்கள். சிலர் சுண்டல், சிலர் மோர். நாங்கள் வாசலில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் பாத்ரூமைக் காசுக்குத் திறந்துவிடுவோம். மறுநாள் கழுவுவதற்கே சரியாக இருக்கும்.

"எழுதிக் குடுக்கறதுன்னா?" என்று கேட்டேன்.

"குழந்தைங்களுக்குனு ஒரு ஆபீஸ் கீது பெரிம்மா. போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். நான் கையெழுத்து போட்டா அவங்க எடுத்துக்குவாங்க. ரெண்டு மாசம் டைம் தருவாங்க. அதுக்குள்ள மனசு மாறினா திருப்பி வாங்கிக்கலாம். அப்புறம் எனக்கும் அவளுக்கும் சட்டப்படி ஒண்ணும் கெடையாது."

"ஓ" என்றேன். எனக்கு உடனே பேச வராது. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேட்டதற்கு விடை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். அன்றைக்கு விடையும் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்த இடத்தையே தேய்த்தேன் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளையை நான் தவிட்டுக்கு வாங்கியிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரமே போய்விட்டது, இன்னொன்று தவழும்போது. மூன்றாவதாக இவள் பிறந்ததும் அவள் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒனக்கு ரெண்டு பொறந்து ரெண்டும் தங்கிச்சு. ஒன் மடி ராசியான மடி. எங்க புள்ளைய நீ தவுட்டுக்கு வாங்கிக்க" என்றார். எங்கள் பக்கம் அப்படிச் செய்வதுண்டு. பெற்றவளிடம் பிள்ளை தங்கவில்லை என்றால், வேறொருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். அதற்கப்புறம் அது வாங்கினவள் பிள்ளை. பெற்றவள் வீட்டில் வளரும், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிசானதும் பெற்றவள் அதே போல ஒரு முறம் தவிட்டை வாங்கினவளின் மடியில் கொட்டி, பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மன் கோயில் வாசலில் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினேன். வீடு வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன். பெற்றவள் யாரோ போலப் பின்னாலேயே வந்து, எங்கள் வாசலில் நின்றுகொண்டு, "பால் குடுக்க ஆள் வேணுமாங்க?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கச் சொல்லி மாமியார் சொல்லிக் கொடுத்திருந்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. "வேணும்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

பிள்ளை தங்கிவிட்டது. ஆனால் மீட்கவில்லை. மொட்டை அடிக்கிறபோது மீட்கலாம் என்றிருந்தார்கள். அந்த வருஷம் அவள் புருஷன் செங்கம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனான். பின்னாலேயே மாமியாரும் போனார். அவள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். குழந்தை பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் என் வீட்டுக்காரரும் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடித்தனம் ஆகிவிட்டார்கள். குழந்தை பெற்றவளை மம்மி என்றும் என்னைத் தவுட்டம்மா என்றும் கூப்பிடும். தெருவில் எல்லாருக்கும் நான் தவுட்டம்மா ஆகிப்போனேன். எதிர்வீட்டு மாட்டுக்காரி மட்டும் "தவுட்டம்மா, கிலோ இன்னா வெலை?" என்று கேட்பாள்.

பௌர்ணமிக்குக் குரல் கொடுப்பதும் குழந்தைதான். முன்னெல்லாம் நான் அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிடக் கூச்சம். ஜனங்கள் பார்க்காமலேயே போவார்கள். இவள் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, "பாத்ரூம்! பாத்ரூம்! தண்ணி ஜாஸ்தி வருது, வாங்க!" என்று கத்துவாள். கால் வலியோடு நடக்கிற பெரியவர்களைப் பார்த்து, "இதுக்கப்புறம் ரொம்ப தூரத்துக்கு கெடையாது சாமி" என்று பயமுறுத்துவாள். அது பொய். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது.

காபிக் கடையில் சமையல் வேலைக்கு வந்த ஓசூர்க்காரர் ஒருவரைக் குழந்தையின் அம்மா கட்டிக்கொண்டாள். டவுனில் வீடு பார்த்துப் போனார்கள். குழந்தை என்னிடம் தங்கியது. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தாள். பிறகு எப்போதாவது வந்தாள். பிறகு வயிற்றில் பிள்ளையோடு வந்து, எழுதிக் கொடுக்கப் போவதைச் சொன்னாள்.

"எங்கிட்டயே இருக்கட்டுமே" என்று கேட்டேன். அதைக் கேட்பதற்குள் பாத்ரூமைக் கழுவி முடித்துவிட்டேன்.

"அவங்க வூட்ல ஒத்துக்கல பெரிம்மா. நாளைக்கு இவ வந்து பங்கு கேப்பா, கல்யாணம் பண்ணி வைன்னு நிப்பான்றாங்க. சட்டப்படி ஒண்ணும் இல்லன்னு பேப்பர் இருந்தாதான் என்னை ஓசூருக்கு இட்டும் போவாங்களாம். உங்களுக்கே குடுத்துடலாமான்னு அந்த ஆபீஸ்ல கேட்டேன். நானா பாத்து ஒருத்தர் கையில குடுக்க முடியாதாம். உங்க வயசுக்கு அவங்களும் தர மாட்டாங்களாம். அவங்க உனக்கு இன்னா உறவுன்னு அந்த மேடம் கேட்டாங்க. தவுட்டுக்கு வாங்கினவங்கன்னு சொன்னேன். பேனாவ வச்சுட்டு என்னையே பாத்தாங்க."

அப்புறம் அவள் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிள்ளையை மீட்க வேண்டுமாம்.

"இப்ப அவ உங்க புள்ள பெரிம்மா. இன்னொருத்தர் புள்ளைய நான் எப்படி எழுதிக் குடுக்கறது? அப்படிக் குடுத்தா இதுக்கு இன்னா ஆவுமோ" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "மீட்டுட்டா என் புள்ள. அப்புறம் போட்டுடலாம். வெள்ளிக்கிழமை தவுடு கொண்டாறேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சோறு ஆக்கினேன். துணி துவைத்தேன். குழந்தைக்கு நகம் வெட்டினேன். அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்க ஹோமுக்கு எந்தத் துணியைக் கொடுத்தனுப்புவது என்று யோசித்து, நல்லதாக இரண்டு பாவாடையை எடுத்து வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பது மட்டும் மறந்து மறந்து போனது. குழந்தை சாப்பிட்டுவிட்டு, "நேத்தி ரெண்டு உப்பு, இன்னிக்கி கம்மி" என்றது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோவில் வந்தாள். அவள் புருஷன் ஆட்டோவிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது முறம், அது நிறையத் தவிடு. தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டியிருந்தாள்.

"மடியப் புடிங்க பெரிம்மா."

என் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்து விரித்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை. பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்து நின்றேன் என்று சொல்ல மாட்டேன். ஊசி போட்ட இடம் மாதிரிக் கை மரத்துக் கிடந்தது.

"ஆட்டோ நிக்குது பெரிம்மா."

மாட்டுக்காரி எதிர்வீட்டிலிருந்து சாணிக் கையோடு வந்துவிட்டாள். "புடிச்சுக்கயேன்க்கா. பெத்தவ கேக்கறா" என்றாள் என்னிடம். விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. உடனே அவள் பக்கம் திரும்பி, "ஏண்டி, மீட்டு வூட்டுக்கு இட்டும் போவாங்க, கேள்விப்பட்டுக்கீறேன். கவுருமெண்ட்ல தள்றதுக்கு மீட்கறவள இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

"ஒனக்கு இன்னாக்கா தெரியும்? ரெண்டு பொதைச்சவ நானு."

மாட்டுக்காரி ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

குழந்தை வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு உள்ளேயிருந்து வந்தது. முறத்தைப் பார்த்தது. "தவுட்டம்மா, நம்மகிட்ட மாடே இல்லியே. மம்மி எதுக்கு தவுடு கொண்டாந்தாங்க?"

பெற்றவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குழந்தையின் மோவாயில் வழிந்த நுரையைப் புடவையால் துடைத்துவிட்டாள். துடைத்தபிறகு புடவையில் வெள்ளையாக ஒட்டியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோவில் ஹாரன் அடித்தார்கள்.

"உங்க கால்ல வுழறேன் பெரிம்மா" என்று குனியப் போனாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மட்டும் கை வந்தது. "குனியாத. வயித்துல புள்ளைய வச்சுக்கினு குனியாத" என்றேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்க புடிக்க மாட்டீங்க."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் முறத்தை எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு, குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "நான் அந்த ஆபீசுக்குப் போவல பெரிம்மா. போட்டுட்டேன், பேப்பர் ரெண்டு மாசம் கழிச்சுதான் தருவாங்கன்னு வூட்ல சொல்லிட்டேன். யாராச்சும் வந்து கேட்டா அவ ஹோம்ல கீறான்னு சொல்லிடுங்க." சரி என்றேன்.

தவிட்டை நான் தொடவில்லை. மாட்டுக்காரி வந்து, "சும்மாதான கீது, என் மாட்டுக்காச்சும் குடேன்க்கா" என்று கேட்டாள்.

"வேணாம்."

"மாடு தின்னா நீ வாங்கின மாதிரி ஆயிடுமா?"

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கேட்பதற்கு அந்த மாமியாரும் உயிரோடு இல்லை. அணில் வந்து தின்றது. காற்றில் கொஞ்சம் போயிற்று. மழையில் நனைந்து களி மாதிரி ஆகி, வழிந்து, மதிலில் ஒரு கறை மட்டும் நின்றது. காலியானதும் முறத்தைக் குழந்தை உள்ளே எடுத்து வந்து கழுவி வைத்தது.

அவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் கணக்கில் குழந்தை இன்னும் அவளுடையது. ஓசூர் வீட்டுக் கணக்கில் ஹோமில் இருக்கிறது. சாப்பிடுவதும் தூங்குவதும் என்னிடம். பள்ளிக்கூடத்தில் அம்மா கையெழுத்துக் கேட்டால், அம்மா வெளியூர் என்று சொல்லி நான் போடுகிறேன். டீச்சர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறம் தவிட்டோடு என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். அன்றைக்கும் கை வராமல் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. குழந்தை என்னிடம் இருப்பது சந்தோஷமா என்று மாட்டுக்காரி கேட்டாள். எடுத்து வைத்த இரண்டு பாவாடையையும் திரும்ப மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பிள்ளை பிறந்ததும் போன் வந்தது. "பையன், பெரிம்மா. நல்லா கீறான்." அப்புறம், "அவ..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

"யாரு போன்ல?" என்று இவள் கேட்டாள்.

"மம்மி. ஒனக்குத் தம்பி பொறந்திருக்கான்."

"இன்னா பேரு?"

"கேக்கல."

"எப்ப வருவாங்களாம்?"

"அதுவும் கேக்கல."

"நீ எதையுமே கேக்க மாட்ட தவுட்டம்மா" என்றாள். அன்றைக்குப் பௌர்ணமி. கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.