காரின்மேல் பந்தல் துணி

கார் வைத்திருப்பவன் எல்லாம் பணக்காரன் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்கள் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்து, கீழே திறந்தவெளியில் நிற்கும் என் வெள்ளைக் காரை ஒருமுறை பார்க்கட்டும். முன்விளக்குகள் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. கதவோர ரப்பர் வெடித்துவிட்டது. உள்கூரைத் துணி தொங்கி, ஓட்டும்போது என் தலையில் உரசுகிறது. காலையில் வெயில், மதியம் மழை, மறுபடி வெயில். மேலே மழைமரம். மரம் நிறைய மைனா.

சாலைக்கு அந்தப் பக்கம் கூரையுள்ள அடுக்குமாடிக் கார்பார்க் இருக்கிறது. அங்கே விடவேண்டியதுதானே என்று பார்க்கிறவன் எல்லாம் கேட்கிறான். எனக்குத் தெரியாதா? என் மனைவிக்குச் சர்க்கரை வந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் மாட்டி, தடி ஊன்றி, லிஃப்டிலிருந்து திறந்தவெளிக் கார்பார்க் வரைக்கும் அவளே நடந்து வருவாள். சாலையைக் கடந்து சரிவில் ஏறி அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால் சக்கரநாற்காலி வேண்டும். பழகிய புளோக்கில், தெரிந்த முகங்களுக்கு முன்னால், அவள் அதில் உட்கார மாட்டாள். நான் போய்க் காரை எடுத்துவரும்வரை கீழே தடியோடு காத்து நிற்கவும் மாட்டாள். எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அவள் தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கை தைக்கிறாள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டேன், அவள் நிறுத்தவில்லை. மோட்டார் மிஷினுக்கு ஒரு கால் போதும். காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாய் நிறைய ஊசியோடு, கல்யாணப் பெண்களைத் திட்டிக்கொண்டே அளவெடுப்பாள். அங்கே அவளைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்வதில்லை. இந்தக் காரின் முன்சீட்டு அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். என் கையைக்கூடத் தொட மாட்டாள். டாக்சியில் ஏறும்போது முன்பு ஒருமுறை விழுந்திருக்கிறாள்.

இந்த ஊரில் கார் வாங்குவது வேறு, அதைச் சாலையில் ஓட்டும் உரிமையை வாங்குவது வேறு. சிஓஇ என்ற அந்த உரிமையை இந்தக் காருக்கு ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இன்னொரு கார் எங்களால் முடியாது. பழைய கார் என்பதால் வருடாவருடம் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான். கார் நின்றால் அவளும் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கடையில் வாங்கிய கார் உறைகள் எதுவும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்கவில்லை. வெயிலில் மாவாகி உதிர்ந்தன. அப்போதுதான் என் மச்சான், அவள் தம்பி, தைப்பூசம் முடிந்து ஒரு பெரிய கேன்வாஸைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். காவடி போகும் வழியில் அவனும் நண்பர்களும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அந்த வருடம் புதுத் துணி வாங்கிவிட்டார்கள், இது பழசு. ஒரு பக்கம் நடுவில் சிவப்பில் 'முருகன் துணை' என்று சாண் உயர எழுத்து.

"மச்சான், இதப் போட்டீங்கன்னா குண்டு போட்டாலும் உள்ள போகாது."

"காத்தும் போகாதேடா. உள்ள வேர்த்துப்போயிரும்."

"காருக்கு எதுக்கு மச்சான் காத்து? அது என்ன மூச்சா விடுது?"

மனைவி குறுக்கே வந்தாள். "அவன் ஆசையாக் கொண்டாந்திருக்கான். சாமி துணி. போடுங்க லா."

போட்டோம். மழையில் நனைந்தால் அதைக் காலையில் உரிப்பதற்குள் என் முதுகு போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை மைனா. எழுத்தின்மேலேயே குறிபார்த்து எச்சம் போட்டது. முதல் வாரமே அவள் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"என்னங்க, சாமி பேரு மேல இப்படிப் பண்ணி வெச்சிருக்கு. பாத்துட்டு சும்மா இருக்கீங்க."

"மைனாவுக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன செய்ய?"

"திருப்பிப் போடுங்க. எழுத்து உள்பக்கம் இருக்கட்டும்."

அங்கேயும் இங்கேயும் ஓட்டை போட்டால் காற்றாவது போகும் என்று சொல்லிப் பார்த்தேன். சாமி பேர் இருக்கிற துணியில் கத்தி வைக்கக் கூடாதாம். மச்சானும் அதையே சொன்னான். பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது. எழுத்தை உள்ளே வைத்துத் திருப்பிப் போட்டேன்.

அந்த வருடக் கடைசியில் அவள் காலில் செயற்கைக்கால் உரசிப் புண் வந்தது. ஆறும்வரை மாட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தாள். எனக்குப் புண்ணுக்கு மருந்து போடவும் சமைக்கவும் சரியாக இருந்தது. கீழே கார் துணிக்குள் அப்படியே நின்றது. நல்ல மழைக்காலம். விடாமல் பெய்யும், நடுவில் இரண்டு நாள் கொளுத்தும். ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன், துணி இறுக்கமாகத்தான் இருந்தது. பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புண் ஆறிய பிறகு துணியை உரித்தேன். முதலில் நாற்றம் வந்தது. ஊறவைத்து மறந்துபோன துணி வாளியின் நாற்றம். சீட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, கால்வைக்கும் இடத்தில் தண்ணீர். கூரையில் சிவப்பு எழுத்து. வெயிலில் சாயம் உருகிப் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு, 'முருகன் துணை' இடவலம் மாறி என் காரின் தலையில் நின்றது.

பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் பழந்துணியும் எடுத்துவரப் போனேன். கூடவே இறங்கி வந்து நின்றவள் தடியை நீட்டி மறித்தாள்.

"சாமி பேர தின்னர் ஊத்தியா தேய்ப்பீங்க?"

"திருப்பிப் போட்டாப்பல இருக்குடி. யாராலும் படிக்க முடியாது."

"படிக்கிறவரு படிச்சுக்குவாரு."

எழுத்து அப்படியே இருந்தது. சோதனைக்குப் போனால் எழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காரைத் தூக்கி அடியில் பார்த்தார்கள். கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. தேறவில்லை.

தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதன் முதலாளி ஒரு தமிழ் முஸ்லிம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். குனிந்து விரலை விட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"அண்ணே, இது என்னண்ணே, இடியாப்பத் தட்டா?"

"மழை படக் கூடாதுன்னு மூடி வெச்சேன் பாய்."

"மழை பட்டிருந்தா காஞ்சிருக்கும். நீங்க ஆவியில வேக வெச்சிருக்கீங்க." கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேல என்ன எழுத்து? கண்ணாடியில பாத்தா சரியா வரும் போல."

நான் சிரிக்கவில்லை. முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டேன். அழுகியதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்துத் தருகிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்றார்.

கார் இல்லாத முதல் நாள் பஸ் நிறுத்தம்வரை நடக்க முடியாமல், வேறு வழியின்றி அவள் சக்கரநாற்காலியில் பஸ்ஸில் போனாள், நான் தள்ளிக்கொண்டு போனேன். டிரைவர் இறங்கி வந்து பலகையை விரித்து ஏற்றினார். நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. ஆனால் பஸ் முழுக்க அமைதியாகக் காத்திருந்தது. ஒரு பாட்டி இவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். இவள் தேக்கா வரை தலை குனிந்தே வந்தாள். மறுநாள் காலை, "தலை வலிக்குது, நான் போகல" என்றாள். அதற்கடுத்த நாளும் போகவில்லை. தை மாதக் கல்யாணத்துக்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தாள். அந்த வாரம் வீட்டில் இருந்தது எனக்கு நரகம். திட்டுவதற்குக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது சோதனைக்குப் பாயே கொண்டுபோனார், கார் தேறியது. அன்று காரை ஓட்டிக்கொண்டு வர ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த வருஷம் ஓடும். அந்தப் பக்கச் சட்டமும் மெலிஞ்சிருக்கு. அடுத்த வருஷத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

துணியைச் சுருட்டி மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது காருக்கு மூடி எதுவும் கிடையாது. காலையில் எழுந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். எச்சத்தைக் காய்வதற்குள் துடைக்கிறேன். வைப்பருக்கு அடியில் அடைத்த இலைகளைக் கையால் நோண்டி எடுக்கிறேன். மழை பெய்து ஓய்ந்தால் நாலு கதவையும் திறந்துவைத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காவல் காக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் அவளை அழைத்துவரத் தேக்கா மாடிக்குப் போனேன். ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். கல்யாணம் எப்போது என்று இவள் கேட்டாள். அடுத்த வருடம் ஆவணியில் என்றார்கள்.

"அப்ப ஆடியில வாங்க, அளவெடுக்கலாம்" என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இப்ப எடுத்தா அதுக்குள்ள குண்டாயிருவா. நான் எங்க போகப் போறேன், இங்கதான் இருப்பேன்."

பாய் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெளியே இடி இடித்தது. கார் திறந்தவெளியில் நின்றது. சீக்கிரம் கிளம்பு என்று மட்டும் சொன்னேன்.