வளைவில் சிரிங்கண்ணன்

"ஓடுங்க, ஓடுங்க, நடக்காதீங்க… கையைத் தூக்குங்க… அப்படித்தான், இப்ப சிரிங்க!"

சாலை வளைவில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கத்துவார். கத்திக்கொண்டே ஒரு கண்ணை மூடுவார். கேமரா படபடவென்று அடித்து ஓயும். ஓடி வந்தவர் கடந்து போனதும் வாளியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவார், வெயில் நகர்ந்துவிட்டதாம். தூரத்தில் அடுத்த தலை தெரிந்ததும் மறுபடி ஆரம்பம்.

நீந்தி, சைக்கிள் மிதித்து, அதுவும் போதாதென்று ஓடி, விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நீளும் டிரையத்லான் போட்டிகளில் படம் எடுப்பவர் அவர். போட்டிக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் சிரிங்கண்ணன். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

நீச்சலில் அவருக்கு அவ்வளவு பிரியம் கிடையாது. "தொப்பி, கண்ணாடி, ரப்பர் சட்டை. எல்லாம் ஒரே அச்சு. கட்டின பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது, நான் எங்க போய்க் கண்டுபிடிக்கிறது?" என்பார். இருந்தாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். சைக்கிளுக்கு மேடான இடமாகப் பார்ப்பார். சமதரையில் எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பறப்பார்கள், வெறும் ஹெல்மெட்தான் கிடைக்கும். மேட்டில் மூச்சு வாங்கும்போது முகம் தானாக நிமிரும். "மூஞ்சி இல்லாத போட்டோவை எவன் வாங்குவான், சொல்லுங்க."

ஓட்டம்தான் அவருடைய ராஜ்யம். அந்த நேரத்துக்குள் பாதிப் பேருக்குக் கால் செத்துப்போயிருக்கும். யாரும் பார்க்காத இடங்களில் நடப்பார்கள், முனகுவார்கள், இந்தப் பாழாய்ப்போன ஆசை எனக்கு எதற்கு என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். வளைவில் கேமராவைப் பார்த்துவிட்டால் போதும். வயிற்றை எக்கி, தோளை நிமிர்த்தி, மான் மாதிரி துள்ளிக்கொண்டு வருவார்கள். அவரைத் தாண்டியதும் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்து, அவர் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடி நொண்டத் தொடங்குவார்கள். "நான் உக்காந்திருக்கிற இடத்துல ஒருத்தரும் நடந்ததில்ல, தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு லென்ஸைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்.

மற்ற நாட்களில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு, ஒரு மாடிப்படிக்கு அடியில். ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, ஒரு கண்ணாடி, யாரும் எடுத்துப் போய்விடாதபடி கயிற்றில் கட்டிய சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவார். குண்டானவர்களுக்குக் கையை மட்டும் நுழைத்து முன்னால் போர்த்திவிடுவார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் இருப்பது இந்த ஒரே கோட்டுதான். இங்கே யாரையும் சிரிக்கச் சொல்ல முடியாது, விதி அப்படி. "சிரிக்காதீங்க" என்று சொல்லும்போது மனுஷனுக்கு வாய் கசந்துபோகும்.

அவர் மனைவி உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போட்டிப் படங்களை நெஞ்சில் குத்திய எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பிரிப்பாள். கண்ணாடிக்கு மேலே பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறாள். தன் தம்பியின் படம். வேகமாக ஓடி வந்த ஒருவன் நிலை தடுமாறி விழுகிறான். ஒரு கை தரையைத் தொடப் போகிறது, முகம் மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறது, உதட்டில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் அதைச் சுவரொட்டியாக அடித்து, "விழுந்தாலும் ஓடுவோம்" என்று கீழே எழுதி, ஊரெல்லாம் ஒட்டினார்கள். தலை சீவ வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "பிரமாதம் சார், எப்படிப் புடிச்சீங்க?" என்பார்கள். அவருக்கு அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். "ஏதோ, தானா அமைஞ்சுது" என்று முனகிவிட்டுத் திரையைச் சரிசெய்யப் போய்விடுவார்.

தானாக அமையவில்லை. போன முறை மைத்துனர் அந்த வளைவுக்கு நடந்துதான் வந்தார். குதிகாலுக்கு மேலே ஏதோ சுரீர் என்று இழுத்ததால், ஓட வேண்டாம், நடந்தே முடித்துவிடலாம் என்று தீர்மானித்து, நிதானமாக, புத்தியோடு வந்துகொண்டிருந்தார். நடந்து வருவது சிரிங்கண்ணனுக்கும் தெரிந்தது. கால் சரியில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் மேகத்தை விலக்கிக்கொண்டு வெயில் அப்போதுதான் மைத்துனர் முகத்தில் விழுந்திருந்தது. "மாப்ளே! என்ன கல்யாணத்துக்கா போறே? உங்க அக்கா பாத்தா சிரிப்பா! ஓடு, ஓடு, ஓடு… சிரி!"

மாமா சொன்னால் தட்டாத பையன். ஓடினார், சிரித்தார், நாலு எட்டில் குதிகால் நார் அறுந்து விழுந்தார். விழுந்து தரையில் உருளும்வரை சிரிங்கண்ணனின் விரல் பட்டனை விட்டு எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் கேமராவை வைத்துவிட்டு ஓடினார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில், மைத்துனரை உள்ளே கொண்டுபோன பிறகு, காருக்குள் உட்கார்ந்து கேமராவில் படங்களைத் திருப்பிப் பார்த்தார். நடந்து வருவது, நின்று யோசிப்பது, வேண்டாம் என்பதுபோல் தலையசைப்பது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அவற்றை மட்டும் அழித்தார். பிறகு கார்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். "பாவம், நல்லா ஓடிக்கிட்டிருந்தவன்" என்று அவள் அழுதபோது, ஆமாம் என்று தலையாட்டினார்.

மைத்துனர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். லிப்ட் நின்றுபோன கட்டடத்தில் மேல்மாடிவரை படியேறித்தான் போயாக வேண்டும். கால் நார் அறுந்தபின் ஆபீசில் உட்கார்த்திப் போன் எடுக்க வைத்துவிட்டார்கள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க சார், ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்வதுதான் வேலை. சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து, கயிற்றுச் சீப்பை எடுத்துத் தன் படத்துக்குக் கீழேயே நின்று தலை சீவிக்கொள்வார். ஒருநாள் அப்படிச் சீவிக்கொண்டே கேட்டார்.

"மாமா, நான் நடந்து வந்தப்போ எடுத்தது ஒண்ணும் இல்லையா?"

சிரிங்கண்ணன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். உள்ளே மனைவி விசைப்பலகையைத் தட்டுவது நின்றுபோனது மாதிரி இருந்தது. "அது… ஃபோகஸ் சரியா விழலை மாப்ளே. அழிச்சுட்டேன்."

மைத்துனர் கண்ணாடிக்குள்ளிருந்தே அவரைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. அக்கா பாத்திருந்தா உங்களத்தான் திட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டு, சீப்பிலிருந்த முடியை ஊதிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

இந்த முறை மைத்துனர் மறுபடி பேர் கொடுத்தார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: நீந்தலாம், மிதிக்கலாம், நடக்கலாம், ஓடவே கூடாது, இன்னொரு முறை அறுந்தால் தைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. "நடந்தே முடிக்கிறேன்" என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தார். அக்கா எல்லைக்கோட்டில் துண்டோடு காத்திருந்தாள். சிரிங்கண்ணன் வேறு இடம் கேட்டுப் பார்த்தார். போட்டி நடத்துகிறவர்கள் விடவில்லை. "சுவரொட்டி எடுத்த வளைவுண்ணே, அதை விட்டா எப்படி?" என்றார்கள்.

பெயின்ட் வாளியில் உட்கார்ந்தார். அன்று அவர் கத்தவே இல்லை. கத்தாமலேயே எல்லோரும் ஓடி வந்தார்கள், சிரித்தார்கள். கேமரா இருந்தால் போதும், அவர் வாய் தேவையே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது மைத்துனர் தெரிந்தார். நடந்துதான் வந்தார், வலது காலைக் கொஞ்சம் இழுத்து. மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தோள் நிமிர்ந்தது. நடை துள்ளத் தொடங்கியது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, அது ஓட்டமாகிவிட்டது.

சிரிங்கண்ணன் எழுந்தார். வாளி உருண்டு போனது. கேமராவை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி, ஓரத்து மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நட மாப்ளே" என்றார் மதிலிடம். மறுபடி, சத்தமாகச் சொன்னார். "நட. போன தடவ நீ நடந்துதான் வந்தே. நான்தான் ஓட வச்சேன். உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நட."

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் தயங்கியது. பிறகு ஒரு கால் ஊன்றும் சத்தமும், ஒரு கால் இழுபடும் சத்தமுமாக மாறியது. அவருக்குப் பின்னால் வந்ததும் ஒரு நொடி நின்றது. மறுபடி கிளம்பியது.

அதற்குள் வேறு யாரோ வேகமாக ஓடி வந்து, "சிரிங்கண்ணே, போட்டோ! இங்க பாருங்கண்ணே, சிரிக்கிறேன்!" என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. இழுபடும் அந்தச் சத்தம் வளைவைத் தாண்டிக் கேட்காமல் போகும்வரை, மதிலைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.