வரச் சொல்லாமல் போன நாடகம்

போன வாரம் சேலத்தில் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், டிவியில எனக்கு யாரையும் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல. நானா ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினா படிப்பாங்களா?”

படிப்பார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. நேரம் முடிந்துவிட்டதால் அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஏற்காட்டில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். வயது இருபத்து மூன்று. டிவியை மொத்தமாக நாலு தடவை பார்த்திருப்பேன். அந்தத் தைரியத்தில் – அறியாமை என்றும் சொல்லலாம் – அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதினேன்.

கதை ராஜாமணி அக்காவுடையது. எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தடியில் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் குழந்தையின் காலில் மூன்று அட்டைகள்... ரத்தம். பிய்த்துப் போட்டு, துடைத்துவிட்டு, மறுபடி பறிக்கப் போய்விட்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் நாடகத்தில் மட்டும் அந்தத் தாய் மேனேஜரிடம் போய், பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை கேட்கிறாள்.

ரிஜிஸ்டர் தபாலில் மெட்ராஸ் டிவி நிலையத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: ‘கதை நன்று. ஆனால் இந்தப் பேச்சு எல்லா ஊர் நேயர்களுக்கும் புரியாது. பொதுத் தமிழில் மாற்றி அனுப்பவும்.’

விடுவேனா? ஒரே வாரத்தில் மாற்றினேன். ‘ஊடு’ வீடானது. ‘நொம்ப’ ரொம்ப ஆனது. சாப்பாட்டு நேரத்தில் ராஜாமணி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஏனுங்க அம்மிணி, இது யாரு பேசறதுங்க?”

“நீங்கதான் அக்கா.”

“நானுங்களா?” சோற்றுக் கையோடு யோசித்தார். “நான் இப்படிப் பேசுனா, ஒடம்பு செரியில்லைன்னு எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாருங்க.”

இரண்டு நாள் யோசித்தேன். மாற்றாவிட்டால் நாடகம் வராது. மாற்றினால், வருவது அக்கா இல்லை. பழைய பிரதியையே எடுத்து ஒரு கடிதத்தோடு அனுப்பினேன்: ‘பிள்ளைக்கு நிழல் கேட்பது எந்த ஊர்த் தாய்க்கும் புரியும். மாற்ற மனம் வரவில்லை. மன்னிக்கவும்.’

அப்புறம் பதிலே இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே உதட்டைப் பிதுக்குவார். ஒரு மழைக்காலமே போய்விட்டது. பிறகுதான் அந்தக் கவர் வந்தது – ‘ஒரு சொல்லும் மாற்றாமல் எடுக்கிறோம்.’

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் ஏற்காடு கடைவீதியில் பஷீர் பாய் மளிகைக்கடையில் கூடினோம். அவர் கடையில்தான் டிவி இருந்தது. கூட்டத்தைப் பார்த்து, அரிசி மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். என் பெயர் திரையில் வந்தபோது எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. சரியாகப் படிக்கக்கூட இல்லை.

ராஜாமணி அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். எழுந்திருக்கும்போது சொன்னார்: “கேக்கலாம்னு தோணுதுங்க அம்மிணி.”

மறுநாள் காலை, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் பெண்கள் நின்றார்கள். முன்னால் ராஜாமணி அக்கா.

“என்ன, டிவி பாத்துட்டு வந்தீங்களா?” என்றார் மேனேஜர்.

“ஆமாங்க. அதுல ஒரு அம்மாதான் கேட்டுச்சுங்க. இங்க பன்னெண்டு பேரு கேக்கறமுங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “எழுதினது நீதானாம்மா?”

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனாலும் டைப்ரைட்டர் முன்னாலிருந்து எழுந்து நின்றேன். “நான்தாங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். “எங்க கட்டலாம்னு நீங்களே ஒரு இடம் காட்டுங்க” என்றபடி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த பறிப்புக்கு முன்னால் தகரக் கூரை போட்டுக் கொட்டகை வந்தது. அதற்கான உத்தரவை டைப் அடித்தது நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ நாடகங்கள் எழுதிவிட்டேன். ஆனால், ‘இங்க பன்னெண்டு பேரு கேக்கறமுங்க’ மாதிரி ஒரு வசனம் எனக்கு இன்னும் வரவில்லை!